ஒரு மணி நேர இரைச்சல்

மீனாட்சிபுரம், திருநெல்வேலி
ஐப்பசி, வியாழன் இரவு

எய்யா சுடலைமுத்து,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அவளே உன்னிடம் சொல்லியிருப்பாள். மழை இன்னும் வலுக்கவில்லை. ஆனாலும் வானம் மூடினால் போதும், மைக்செட் கடைச் சாமானை எல்லாம் மேல்தட்டுக்கு ஏற்றிவிடுகிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் இந்தத் தெருவில் யாரும் தரையில் எதையும் வைப்பதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? எத்தனை மணிக்குப் படுக்கிறாய்? உன் மூன்றாவது பாட்டு வாட்ஸ்அப்பில் வந்த நேரம் விடிகாலை 4.10. அந்நேரம் நம் தெருவில் பால்காரர்தான் விழித்திருப்பார். நீ ஏன் விழித்திருக்கிறாய் என்று கேட்க நினைத்தேன். ‘நல்லா இருக்கு’ என்று மட்டும் பதில் போட்டேன். அது ஆடி மாதம். அதற்கு இரண்டு நாள் கழித்து நீ கேசட்டைக் கேட்டாய். ‘தேடுறேன்’ என்றேன். அப்புறம் நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. லீவு இல்லை என்று அத்தையிடம் சொன்னாயாம். சரி.

பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் ஃபோனிலேயே கேட்டேன், டப்பாவுக்குள் கொசு பாடின மாதிரி இருந்தது. பிறகு பழைய ஆம்ப்ளிஃபயரைத் துடைத்து, வெள்ளத்துக்குத் தப்பிய அந்த ஒரு ஸ்பீக்கர் பாக்ஸில் மாட்டிக் கேட்டேன். அப்போதுதான் பிடிபட்டது. கிட்டார் பின்னால் நின்றுகொண்டு பேஸ் முன்னால் நடக்கிறது. நம்மூர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு இப்படி மிக்ஸ் பண்ணினால் அடிக்க வருவார்கள், ஆனால் இதற்கு இதுதான் சரி. நீ சொன்ன ஜாய் டிவிஷன் என்ற அந்த மான்செஸ்டர் கோஷ்டியில் பேஸ் வாசித்தவர், பக்கத்தில் இருந்த கிட்டார்க்காரரின் ஆம்ப்ளிஃபயர் சத்தத்தில் தன் வாசிப்பு தனக்கே கேட்கவில்லை என்றுதான் மேல் கம்பிக்குப் போனாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை மேடையில் இந்தப் பஞ்சாயத்தைத் தீர்த்து வைத்திருக்கிறேன்!

உன் குரலை மட்டும் இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவா. கிணற்றுக்குள் இருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. எக்கோவை வேண்டுமென்றுதான் அவ்வளவு வைத்திருக்கிறாய் என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறவனுக்கு எட்டிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

பொங்கலுக்கு வந்தபோது நீ சொன்ன கோஷ்டிப் பெயர்களை எல்லாம் பில் புத்தகத்தின் பின்பக்கம் குறித்து வைத்திருந்தேன். எதிர்வீட்டுப் பிள்ளையை வைத்து ஒவ்வொன்றாகத் தேடிக் கேட்டேன். பவ்ஹாஸ் என்ற கோஷ்டி 1979 ஜனவரியில் பதிவு செய்த அந்த ஒன்பது நிமிடப் பாட்டில், ஆள் வாயைத் திறக்கவே கிட்டத்தட்ட மூன்று நிமிடம் ஆகிறது. அந்தப் பிள்ளை ‘தாத்தா, பாட்டு வரலை’ என்றது. ‘பொறு, வில்லுப்பாட்டுக்காரரும் இப்படித்தான், எடுத்தவுடனே கதைக்குள் போக மாட்டார்’ என்றேன். ஒரே டேக்கில் எடுத்தார்களாம். கேட்டாலே தெரிகிறது.

சாவும் இருட்டுமான இந்தப் பாட்டை எல்லாம் நீ இங்கிலாந்தில் இருந்து கொண்டுவந்ததாக நினைக்கிறாய். சீவலப்பேரிக் கொடையில் ராத்திரி இரண்டு மணிக்குக் குழாய் ஸ்பீக்கருக்கு அடியில் என் மடியில் படுத்துக்கொண்டு நீ கேட்டது வேறென்ன? வெட்டுப்பட்டவன் கதை, கழுத்தை நெரித்துக் கொன்ற பெண் கதை, செத்தவர்கள் துடியான சாமியாக வந்து நின்ற கதை. கணியான் கூத்துக்காரர் மகுடம் என்ற தோல் மேளத்தைத் தீயில் காய்ச்சி எடுத்து அடித்தால் உனக்கு அடிவயிறு கலங்கும், வேட்டியைப் பிடித்துக்கொள்வாய். மூன்றாவது பாட்டில் அந்த மகுடத்தை மெஷினுக்குள் கொண்டுவந்திருக்கிறாய். தணிந்த சத்தத்து மந்தம் சரியாக வந்திருக்கிறது. தூக்கலான சத்தத்து உச்சம் வரவில்லை, டின்னைத் தட்டின மாதிரி கேட்கிறது. அடுத்த கொடைக்கு வா, மைக்கை எங்கே வைக்க வேண்டும் என்று நான் காட்டுகிறேன். எல்லாரும் தோலுக்கு நேரே வைப்பார்கள். தப்பு.

இன்னொன்று. ஆல்பத்தில் உன் பெயரை எஸ்.எம். என்று சுருக்கிவிட்டாய். சுடலை என்றால் சுடுகாடு. இதைவிட இருட்டான பெயர் எந்த வெள்ளைக்காரனுக்கு இருக்கிறது? உங்கள் தாத்தா பெயரை வைத்தபோது நீ ஸ்கூலில் படும் கேலி எங்களுக்குத் தெரியாதுதான். ஆனால் இந்த ஒரு வேலைக்கு அது எவ்வளவு பொருத்தம், அதையும் விட்டுவிட்டாயே.

அட்டைப் படத்தையும் பார்த்தேன். கருப்பந்துறை. இருட்டில் எடுத்திருந்தாலும் அந்தச் சுடுகாட்டுப் படித்துறை எனக்குத் தெரியாமல் போகுமா, அங்கேதானே மூன்றாம் நாள் நீயும் நானும் உட்கார்ந்திருந்தோம். ஓரத்தில் வெள்ளம் கொண்டுவந்து போட்ட மரம் கிடக்கிறது. அப்படியானால் அதற்கு அப்புறம் எடுத்தது. பொங்கலுக்கு வந்த நான்கு நாளும் நான் உன் கூடவே இருந்தேன். நீ வேறு எப்போதோ வந்திருக்கிறாய். ஊருக்கு வந்து, கருப்பந்துறைக்குப் போய், வீட்டுக்கு வராமல் ரயிலேறியிருக்கிறாய். இதை அத்தையிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள்.

கோபம் இல்லை. ராத்திரி நேரத்தில் ஆற்றங்கரைக்குத் தனியாகப் போகாதே, அவ்வளவுதான். யாரையாவது கூட்டிக்கொண்டு போ.

தனியாக என்று எழுதும்போதுதான் தோன்றுகிறது. பாடுவதும் நீ, கிட்டாரும் நீ, பேஸும் நீ, டிரம்முக்கு மெஷின். லீட்ஸ் நகரத்துக் கோஷ்டி ஒன்று டிரம் மெஷினுக்கு டாக்டர் அவலாஞ்ச் என்று பெயர் வைத்து ஆள் கணக்கில் சேர்த்ததாமே. தமாஷ்தான். ஆனால் அவர்களுக்கும் கூட நின்று வாசிக்க ஆட்கள் இருந்தார்கள். வில்லுப்பாட்டில் புலவர் எவ்வளவு பெரிய சாவைச் சொன்னாலும் பக்கத்தில் ஒருவன் ‘ஆமா’ போடுவான். அந்த ஆமா இல்லாமல் அடுத்த அடி எடுக்க மாட்டார். ஆமா போடுகிற குடக்காரர் ஒரு தடவை வெற்றிலை போடப் போனபோது அப்படியே நின்றுபோன கூத்தை நீயும் பார்த்திருக்கிறாய். வேளச்சேரி ரூமில் உனக்கு ஆமா போட யார் இருக்கிறார்கள்? முன்பு கூட இருந்தானே அந்த மதுரைப் பையன், அவன் காலி செய்துவிட்டதாக அத்தை சொன்னாள். நேரத்துக்குச் சாப்பிடு. தூங்கு.

அந்த மான்செஸ்டர் கோஷ்டியின் இரண்டாவது ஆல்பத்தைத்தான் நீ ரொம்பச் சொன்னாய். அட்டையில் இத்தாலி நாட்டுக் கல்லறைச் சிலை. நீ கருப்பந்துறையை ஏன் எடுத்தாய் என்று அதைப் பார்த்ததும் புரிந்தது. பாடின பையன் இயன் கர்ட்டிஸ். 1980 மே மாதம் போய்விட்டான். ஆல்பம் ஜூலையில் வந்தது. வயது 23. எதிர்வீட்டுப் பிள்ளை மேற்கொண்டு படிக்கப் போனது. போதும் என்று ஃபோனை வாங்கிவிட்டேன். உனக்கு 25 ஆகிறது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை, நீயே புரிந்துகொள்.

ஆனால் மற்றவரையும் தேடினேன், முகத்தில் மை அப்பிய பரட்டைத் தலை, தி க்யூர் கோஷ்டியின் ராபர்ட் ஸ்மித். 1982இல் அவர்கள் போட்ட ஆல்பத்தின் பெயரை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன், அதையெல்லாம் விடவும் இருட்டு அது. அந்த மனுஷர் இன்னும் இருக்கிறார். 2024 நவம்பரில், 65 வயதில், 16 வருஷம் கழித்துப் புது ஆல்பம் கொண்டுவந்திருக்கிறார். நடுவில் அம்மா, அப்பா, அண்ணன் எல்லாரையும் பறிகொடுத்திருக்கிறார். அண்ணனுக்காக ஒரு பாட்டே இருக்கிறது. பாதியில் நிறுத்திவிட்டேன். நல்லா இல்லாமல் இல்லை. அன்று ராத்திரி இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன் என்று அத்தை சொன்னாள்.

கேசட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் உட்கார்ந்தேன், இவ்வளவு நேரம் வேறெதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கேசட் இருக்கிறது. வெள்ளத்தில் போய்விட்டது என்று சொல்லிவிடலாம் என்று இரண்டு மாதம் வாயில் வைத்திருந்தேன். போகவில்லை. மேல்தட்டில், ஃப்யூஸ் டப்பாவுக்குப் பின்னால் இருந்தது.

2002இல் எடுத்தது. வாகைக்குளத்து ஆச்சி போன மறுமாதம். அம்மாவின் ஒப்பாரியைத் தெருவே கூப்பிட்டுக் கேட்கும், உனக்குத் தெரியும். வீட்டில் வைத்துப் பாடினால் ஆகாது என்று சொல்லிவிட்டாள். அதனால் கடையில் வைத்து, ஷட்டரைப் பாதி இறக்கி, மைக்கில் இரையும் என்று ஃபேனை நிறுத்தி எடுத்தோம். ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்து பாடினாள். வேர்த்து ஊற்றியது. நீ சமுக்காளத்தில் தூங்கிக்கொண்டிருந்தாய். எடுத்து முடித்த கையோடு கேசட்டின் பின்விளிம்பில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் உடைத்தேன், இரண்டு பக்கமும். அதை உடைத்துவிட்டால் மேலே யாரும் தெரியாமல்கூடப் பதிய முடியாது.

அம்மா போன வருஷம் நீ ஆறாம் வகுப்பு. ஒருநாள் ராத்திரி உன்னைக் காணோம் என்று தேடி வந்தால், கடையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறாய். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவள் பாடுகிற சொல்லுக்குச் சரியாக உன் உதடு அசைந்துகொண்டிருந்தது. பிள்ளையை அவள் கூப்பிடுகிறாள் என்று நினைத்துவிட்டேன். எனக்கு இருந்த புத்தி அவ்வளவுதான்.

மறுநாள் நீ ஸ்கூலுக்குப் போனபிறகு, உடைத்த ஓட்டையில் இன்சுலேஷன் டேப்பை ஒட்டினேன். ரெக்கார்டையும் ப்ளேயையும் சேர்த்து அமுக்கினேன். மைக் எதையும் சொருகவில்லை. முப்பது நிமிடம் ஒரு பக்கம், திருப்பிப் போட்டு முப்பது நிமிடம். டேப் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தியிருக்கலாம்.

சாயங்காலம் நீ வந்து போட்டுக் கேட்டாய். திருப்பிப் போட்டாய். என்னைப் பார்த்தாய். ‘டேப் பழசு, தானாகவே அழிஞ்சிருக்கும்’ என்றேன். நீ ஒன்றும் சொல்லாமல் கேசட்டை டப்பாவில் போட்டு மூடி என் கையில் கொடுத்தாய்.

கேசட் தானாக அழியாதுய்யா. பூஞ்சை பிடிக்கும், கரகரக்கும், மங்கும். ஒரு மணி நேரம் ஒரே சீராக வழித்துவிட்ட மாதிரி போகாது. இந்த வேலையில் இருக்கும் உனக்கு இப்போது அது தெரியாமல் இருக்காது. ‘அந்த இரைச்சல் இருந்தால் போதும், ஆல்பம் கடைசியில் வைக்கணும்’ என்று நீ கேட்டபோது, தெரிந்துதான் கேட்கிறாயோ என்று இருந்தது. அதனால்தான் நான் கூப்பிடவில்லை. நீ எதனால் கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரியாது.

இந்த வாரம் ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, வால்யூமை முழுக்கத் திருப்பி, முதல் தடவையாக முழுசாகக் கேட்டேன். அம்மா எங்கேயும் இல்லை. ஒரு சொல்கூட இல்லை, தேடாதே. ஆனால் அது வெறும் இரைச்சலும் இல்லை. அந்த டேப் ரெக்கார்டருக்கு உள்ளேயே ஒரு மைக் உண்டு, அன்றைக்கு எனக்கு அது நினைவில்லை. ஃபேன் ஓடுகிறது, ஜங்ஷன் பக்கம் ‘பாளை, பாளை’ என்று கண்டக்டர் கூப்பிடுகிறார், நாற்காலி முனகுகிறது. இரண்டாவது பக்கம் இருபதாவது நிமிடம் வாக்கில் யாரோ அழுகிறார்கள். நீ கம்ப்யூட்டரில் ஏற்றிச் சத்தத்தைக் கூட்டினால் நன்றாகவே கேட்கும். பேய் கிடைத்தது என்று பாட்டில் போட்டுவிடாதே. அது நான்தான். போடுவதானாலும் போடு, என்னைக் கேட்டுக்கொண்டு போடு.

சனிக்கிழமை மைதீன் மாமா மகன் நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறான். அவனிடம் கொடுத்துவிடுகிறேன். ஞாயிறு காலை ரூமுக்கே வந்து தருவான், தூங்கிவிடாதே. அதாவது, தூங்கு, கதவைத் தட்டினால் எழுந்திரு. டேப் தளர்ந்திருந்தால் சுற்றுவதற்கு ஒரு பென்சிலும் வைத்திருக்கிறேன். கையில் கிடைத்ததும் ஃபோன் பண்ணு. திட்டுவதற்காவது பண்ணு. எத்தனை மணி என்றாலும் சரி. நீ பேசு, நான் ஆமா போடுகிறேன்.

அப்பா

பி.கு.: கேசட் இருக்கிற முறுக்கு டப்பா அத்தையுடையது. திருப்பித் தர வேண்டுமாம். நேரில் கொண்டுவந்தால் போதும், கூரியரில் போட வேண்டாம் என்கிறாள்.