சைபோர்க் வேறு, ரோபோ வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரச் சிறுவர் பகுதியில் ‘சைபோர்க்’ என்ற சொல்லுக்கு ‘இயந்திர மனிதன்’ என்று பொருள் போட்டு, பக்கத்தில் சிவப்புக் கண்ணோடு ஓர் இரும்பு உருவத்தையும் வரைந்திருந்தீர்கள். அது ரோபோ. சைபோர்க் உயிருள்ள ஆள். உடம்பின் ஏதோ ஒரு வேலையைக் கருவி பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

1960-இல் மேன்ஃபிரெட் கிளைன்ஸ், நேதன் கிளைன் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் விண்வெளிப் பயணம் பற்றிய கட்டுரையில் உண்டாக்கிய சொல் இது. சைபர்நெட்டிக் (தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் அமைப்பு பற்றியது), ஆர்கனிசம் (உயிரி) என்ற இரண்டின் முன்பகுதிகளைச் சேர்த்தார்கள். சைபர்நெட்டிக்கின் கிரேக்க வேர், சுக்கான் பிடிக்கும் மீகாமனைக் குறிப்பது. அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு ஒரு வெள்ளை எலி. தோலுக்கடியில் வைத்த சிறு பம்பு அதற்கு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே செலுத்தும். உயிரோடிருப்பதற்காகவே கருவிகளைச் சதா சரிபார்த்துக்கொண்டிருந்தால் மனிதன் இயந்திரத்துக்கு அடிமையாகிவிடுவான், அந்தக் கவலை இல்லாவிட்டால்தான் அவனால் சிந்திக்கவும் படைக்கவும் முடியும் என்பது அவர்கள் வாதம். உங்கள் படம் இதற்கு நேர் எதிர்.

நான் குன்னூரில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பேஸ்மேக்கர் வைத்த தோட்டத் தொழிலாளர்களைக் கவனித்திருக்கிறேன். இதயம் சரியாகத் துடிக்கும்போது அந்தக் கருவி சும்மா காத்திருக்கும். துடிப்பு தாமதித்தால் ஒரு சின்ன மின்தூண்டல் கொடுக்கும். அதை நினைக்காமலே அவர்கள் சமைத்தார்கள், சந்தைக்குப் போனார்கள், பேரப்பிள்ளைகளைத் தூக்கினார்கள்.

எங்கள் தெருவில் காக்ளியர் கருவி வைத்த சிறுமி ஒருத்தி இருக்கிறாள். காதுக்குப் பின்னால் மாட்டும் பகுதி ஒலியை வாங்கி, தோலுக்கு உள்ளே இருக்கும் பகுதிக்கு அனுப்புகிறது; அது செவி நரம்பைத் தூண்டுகிறது. மழைக்காலத்தில் இங்கே துணியே காயாது. அந்த ஈரம் கருவிக்கு ஆகாது என்று அவள் அம்மா ராத்திரி வெளிப்பகுதியைக் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மறக்காமல் வைக்கிறார். எவ்வளவு பாடுபட்டு அந்தப் பிள்ளை பேசக் கற்றது என்று நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். உங்கள் பக்கம் வந்த பிறகு வகுப்பில் அவளை ‘ரோபோ’ என்று கூப்பிடுகிறார்களாம். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை, அச்சில் இருந்ததைத்தான் படித்தார்கள்.

அடுத்த வாரம் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள். படமும் வேண்டும்: காதில் கருவி மாட்டிய ஒரு பிள்ளை, தோழிகளோடு பேசிக்கொண்டிருப்பது போல.

ஓய்வுபெற்ற செவிலியர்,
குன்னூர்