கிரில் மசாலா பாக்கெட்டில் பாதிக்கு மேல் உப்பும் சீனியும்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: 100 கிராம் கிரில் மசாலாவில் உள்ள உப்பு, சீனி அளவு மற்றும் பாக்கெட்டின் பின்பக்கச் செய்முறை தொடர்பாக

ஐயா,

ஐந்து வருடமாக உங்கள் கிரில் மசாலாவைத்தான் வாங்கி வருகிறேன். இந்தக் காணும் பொங்கலுக்கும் அதையே வாங்கினேன். அன்றைக்கு அக்கா, தங்கை குடும்பங்கள் எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கம். மொட்டை மாடியில் கரி அடுப்பு மூட்டி, கம்பி வலை போட்டு மட்டன் சாப்ஸ் சுடுவோம். கிலோ 900 ரூபாய்க்கு மூன்று கிலோ சாப்ஸ், உங்கள் பாக்கெட் இரண்டு, ஒன்று 95 ரூபாய்.

பாக்கெட்டின் பின்னால் என்ன போட்டிருந்ததோ அப்படியே செய்தேன். ஒரு கிலோ கறிக்கு 50 கிராம் மசாலா, ஒரு டீஸ்பூன் உப்பு, இரண்டு ஸ்பூன் எண்ணெய், எலுமிச்சைச் சாறு, நான்கு மணி நேரம் ஊறல். அடுப்பில் வைத்த நாலாவது நிமிடமே வெளிப்பக்கம் கறுத்துவிட்டது. கருகிய வெல்லப்பாகு வாசனை. திருப்பப் போனால் மசாலா தார் மாதிரி கம்பியில் ஒட்டிக்கொண்டு கறியை விட்டு உரிந்து வந்தது. எலும்பை ஒட்டி வெட்டிப் பார்த்தால் உள்ளே இன்னும் சிவப்பு, ரத்தம் கசிகிறது. கருகலைச் சுரண்டிவிட்டு அடுப்பின் ஓரத்தில் வைத்து மெதுவாக வேகவிட்டோம். வெந்த பிறகு வாயில் வைத்தால் உப்பு, உப்பு, அப்புறம் ஒரு கசப்பு. பிள்ளைகள் ஒரு வாய் தின்றுவிட்டுத் தண்ணீர் கேட்டார்கள். என் அம்மாவுக்கு 74 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். மகன் சுட்டது என்று ஒன்றும் சொல்லாமல் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டார். எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

மறுநாள்தான் பாக்கெட்டை நிதானமாகப் படித்தேன். முன்பே படித்திருக்கலாம். ஆனால் ஐந்து வருடம் வாங்கிய பொருளை யாரும் ஒவ்வொரு தடவையும் திருப்பிப் பார்ப்பதில்லை. பழைய பாக்கெட் ஒன்று டப்பாவுக்குள் மடித்துக் கிடந்தது. அதில் முதலில் மல்லி, அடுத்து மிளகாய், மிளகு, சோம்பு, பட்டை, கல்பாசி, உப்பு கடைசியில். புதியதில் முதலில் உப்பு, இரண்டாவது சீனி, அதற்குப் பிறகுதான் மிளகாய். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகப் போட வேண்டும் என்பது சட்டம், நீங்கள் அறிவீர்கள்.

ஊட்டச்சத்து அட்டவணையையும் பார்த்தேன். 100 கிராமுக்கு சோடியம் 13,800 மில்லிகிராம். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு வரும். அதாவது சுமார் 34 கிராம். சேர்க்கப்பட்ட சீனி 22 கிராம். இரண்டும் சேர்ந்து 56. மிளகாய், மல்லி, மிளகு எல்லாவற்றுக்கும் மிச்சம் 44 கிராம். வெள்ளைத் தட்டில் ஒரு ஸ்பூன் தூளைப் பரப்பி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தபோது பரல் பரலாக மின்னியது. மிளகின் கறுப்பைத் தேட வேண்டியிருந்தது. தண்ணீர் டம்ளரில் ஒரு சிட்டிகை தூவியும் பார்த்தேன், செயற்கைச் சாயம் கோடு கோடாக இறங்குகிறதா என்று. இறங்கவில்லை. அதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் போட்ட 150 கிராம் மசாலாவில் மட்டும் 51 கிராம் உப்பு. செய்முறைப்படி போட்ட மூன்று டீஸ்பூன் இன்னொரு 15 கிராம். மொத்தம் 66. நான் வழக்கமாகக் கிலோவுக்கு 12, 13 கிராம்தான் போடுவேன், மூன்று கிலோவுக்கு 40 தாண்டாது. கால் கிலோ கறிக்கே ஐந்தரை கிராம் உப்பு வந்துவிட்டது. ஒரு பெரியவருக்கு ஒரு நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பை முதல் சேர்மானமாகப் போட்டுவிட்டு, தனியாகவும் உப்பு போடு என்று எழுதியது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

சீனி விஷயம் அதைவிடப் பெரியது. உங்கள் வாடிக்கையாளர் எண்ணில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். "அமெரிக்க பார்பிக்யூ முறையில் புது ஃபார்முலா சார்" என்றார். என் தம்பி டெக்சாஸில் இருக்கிறான், அவனைக் கேட்டேன். அங்கே மாட்டு நெஞ்சுக்கறியை நேரடியாக நெருப்பில் வைப்பதில்லை. 110, 120 டிகிரி புகைச் சூட்டில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வைக்கிறார்கள். அந்தச் சூட்டில் சீனி கருகாது. அப்படியும் டெக்சாஸ் பாணியில் பெரும்பாலும் உப்பும் மிளகும் மட்டும்தான். சீனி தடவுவது கேன்சஸ் சிட்டி பக்கத்துப் பழக்கம். நம் ஊரில் கறி நேரே தணல் மேல் கிடக்கிறது, அங்கே 200 டிகிரிக்கு மேல் சூடு. சீனி 160 டிகிரியை ஒட்டியே பாகாகத் தொடங்கி, அதற்கு மேல் கருகிக் கசந்துவிடும். புகையில் மெதுவாக வேகவைப்பதற்கான பொடியைக் கரி அடுப்புப் படம் போட்ட பாக்கெட்டில் அடைத்திருக்கிறீர்கள்.

இத்தனை வருடம் உங்கள் மசாலாவை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. மீனுக்கு மிளகாய், மஞ்சள், எலுமிச்சை போதும். கோழிக்குத் தயிரும் காஷ்மீரி மிளகாயும் நிறம் கொடுக்கும். ஆட்டுக்கறிக்கு, அதுவும் கொழுப்போடு உள்ள சாப்ஸுக்கு, மிளகும் சோம்பும் கல்பாசியும் வேண்டும். கொழுப்பு தணலில் சொட்டிப் புகை கிளம்பும்போது கல்பாசி வாசனை தனியாகத் தெரியும். உங்கள் பழைய மசாலா கொரகொரப்பாக இருக்கும், சீக்கிரம் கருகாது. அந்தப் பக்குவம் தெரிந்த ஆள் யாரோ உங்களிடம் இருந்தார் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போதும் பாக்கெட்டின் முன்பக்கத்தில் மிளகும் கல்பாசியும் பெரிதாகப் படம் போட்டிருக்கின்றன. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளின்படி, படம் போட்டு முன்னிறுத்தும் சேர்மானம் எத்தனை சதவீதம் என்று பொதுவாக அச்சிட வேண்டும். எங்கேயும் இல்லை.

எனக்கு 190 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். கறி வாங்கிய காசை நான் கேட்கவில்லை. ஆனால் பின்பக்கத்தில் "ஒரு டீஸ்பூன் உப்பு" என்ற வரியை உடனே எடுத்துவிடுங்கள். என் அம்மாவைப் போல எத்தனை பேர் வீட்டில் இருப்பார்களோ. மிளகு, கல்பாசி சதவீதத்தை அச்சிடுங்கள். சீனி சேர்த்த பொடி வேண்டும் என்று நினைத்தால் வேறு பெயரில், நேரடித் தணலுக்கு ஆகாது என்று எழுதி விற்றுக்கொள்ளுங்கள். பழைய மசாலாவைப் பழைய பெயரிலேயே கொண்டுவாருங்கள். விலையில் பத்து ரூபாய் கூடினாலும் வாங்குவேன்.

பழைய, புதிய இரண்டு பாக்கெட்டுகளின் படங்களும் கடை ரசீதும் இணைத்திருக்கிறேன். மீதமுள்ள 50 கிராம் தூளைக் கட்டி வைத்திருக்கிறேன், பரிசோதனைக்கு வேண்டுமானால் அனுப்புகிறேன். 15 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் இதே கடிதத்தைக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
திண்டுக்கல்லிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்