நன்கொடை திரட்டும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அலுவலகம், பழைய மாணவர் சங்கம், குடியிருப்போர் சங்கம் எனப் பல இடங்களில் பணம் திரட்டி அறநிறுவனங்களுக்கு அனுப்பும் குழுவினருக்கு வணக்கம்.

சொந்தப் பணம் என்றால் மனசுக்குப் பட்ட இடத்தில் கொடுத்துவிடலாம். ஐம்பது பேர் உங்களை நம்பிக் கொடுத்த பணத்துக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் குழுவில் ஒருவருக்குத் தெரிந்த இடம், இணையதளத்தில் உருக்கமான படங்கள், ‘நிர்வாகச் செலவு வெறும் 5 சதவீதம்தான்’ என்ற வரி, இவற்றை வைத்தே பல குழுக்கள் முடிவெடுத்துவிடுகின்றன. மூன்றில் அதிகம் ஏமாற்றுவது அந்தக் கடைசி வரி.

நிறுவனத்தின் பதிவைச் சரிபார்ப்பது பத்து நிமிட வேலை. பதிவெண்ணை வாங்கி, அரசுப் பதிவேட்டில் நீங்களே தேடுங்கள். அவர்கள் அனுப்பும் இணைப்பைத் தட்டாதீர்கள். பிரபலமான பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி வைத்துக்கொள்வதும், வேறொரு நிறுவனத்தின் பதிவெண்ணைப் போட்டுக்கொள்வதும் பழைய வித்தைகள். வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் தனிநபர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பதிவும் வரிவிலக்கும் இருந்தால் அந்த நிறுவனம் சட்டப்படி இருக்கிறது என்று பொருள். நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அவை சான்று ஆகா.

அடுத்து, மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்குகளைக் கேளுங்கள். வண்ணப் படங்களோடு வரும் ஆண்டறிக்கை இதற்கு ஈடாகாது. முதலில் தணிக்கையாளரின் கருத்தைப் படியுங்கள். ‘இன்னின்ன விஷயங்கள் நீங்கலாக’ என்று அதில் ஒரு நிபந்தனை இருந்தால், அந்த விஷயங்கள் என்ன என்று பாருங்கள். பிறகு நேராகக் கடைசிப் பக்கங்களின் கணக்குக் குறிப்புகளுக்குப் போங்கள். அறங்காவலரின் கட்டடத்துக்கு வாடகை, அவர் உறவினரின் கம்பெனிக்கு ஒப்பந்தம், நிர்வாகிக்குக் கடன் எல்லாம் ‘தொடர்புடைய தரப்பினர்’ என்ற தலைப்பின் கீழ்தான் வரும். இருந்தாலே குற்றம் என்று சொல்லவில்லை. சந்தை விலைக்குத்தான் நடந்ததா, அதற்கு ஒப்புதல் தர நிர்வாகக் குழு வாக்களித்தபோது அந்த அறங்காவலர் ஒதுங்கியிருந்தாரா என்று கேளுங்கள்.

இருப்பு நிதியையும் கணக்கிட்டுப் பாருங்கள். குறிப்பிட்ட நோக்கத்துக்கென ஒதுக்கப்படாத கையிருப்பை மாதச் செலவால் வகுத்தால், புதிய வரவே இல்லாமல் எத்தனை மாதம் ஓட்டலாம் என்பது தெரியும். மூன்று மாதத்துக்குக் கீழே போனால் ஒரு மானியம் தாமதமானாலே சம்பளம் நின்றுவிடும். மறுபக்கம், ஆண்டுச் செலவைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஒதுக்கப்படாத நிதி சேரக் கூடாது என்பது அறநிறுவனங்களை மதிப்பிடும் அமெரிக்க அமைப்பான பிபிபி வைஸ் கிவ்விங் அலையன்ஸ் வைத்திருக்கும் அளவுகோல். நிர்வாகக் குழுவில் வாக்குரிமை உள்ளவர்கள் குறைந்தது 5 பேர் இருக்க வேண்டும் என்பதும் அவர்கள் விதி. கணவன், மனைவி, மைத்துனர் என மூவர் நடத்தும் அறக்கட்டளையில் தவறு நடந்தால் தட்டிக்கேட்க யார் இருக்கிறார்கள்?

இனி அந்த 5 சதவீதத்துக்கு வருவோம். ஒரு நிறுவனத்துக்கு ரொக்கமாக 100 ரூபாய் வருகிறது. அதில் 40 நிர்வாகத்துக்கும் நிதி திரட்டவும் போகிறது. கூடவே நன்கொடையாக வந்த மருந்துகளுக்குத் தாங்களே 900 ரூபாய் மதிப்புப் போட்டு வரவிலும் செலவிலும் காட்டுகிறார்கள். மொத்தம் 1,000, நிர்வாகம் வெறும் 4 சதவீதம்! நீங்கள் கொடுக்கும் ரொக்கத்திலோ 40 சதவீதம் அதற்கே போகிறது. ஆகவே பொருள் நன்கொடையைக் கழித்துவிட்டு, ரொக்கத்துக்கு மட்டும் சதவீதம் போடுங்கள். சதவீதத்தைக் குறைத்துக் காட்ட இன்னொரு வழியும் உண்டு. பணம் கேட்டு அனுப்பும் கடிதத்தில் நான்கு வரி சுகாதார அறிவுரை சேர்த்துவிட்டு, அச்சுச் செலவில் பாதியை ‘விழிப்புணர்வுப் பணி’ என்று எழுதிவிடுவார்கள்.

சதவீதம் குறைவாக இருப்பதே கெடுதலாக முடிவதும் உண்டு. நல்ல கணக்காளர், ஊழியர் பயிற்சி, வேலை பலன் தந்ததா என்று அளப்பது எல்லாம் பெரும்பாலும் நிர்வாகச் செலவில்தான் வரும். இவற்றை வெட்டிய நிறுவனத்தில் திருட்டு நடந்தால்கூட யாருக்கும் தெரியாது. 2013-இல் கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், மேலே சொன்ன பிபிபி வைஸ் கிவ்விங் அலையன்ஸ் ஆகிய, அறநிறுவனங்களைப் பற்றி நன்கொடையாளர்களுக்குத் தகவல் தரும் மூன்று அமெரிக்க அமைப்புகளின் தலைவர்கள் நன்கொடையாளர்களுக்கு எழுதிய திறந்த மடல் இதைத்தான் வலியுறுத்தியது: நிர்வாகச் சதவீதத்தை மட்டும் வைத்து ஓர் அறநிறுவனத்தை எடைபோடாதீர்கள்.

அப்படியானால் எதைக் கேட்பது? என்ன கொடுத்தார்கள் என்பதோடு, அதனால் என்ன மாறியது என்றும் கேளுங்கள். குழந்தைகள் சுற்றி விளையாடும் ராட்டினத்தால் நிலத்தடி நீரை ஏற்றும் பிளேபம்ப் என்ற திட்டத்துக்கு 2006-இல் பெரிய மேடையில் கோடிக்கணக்கில் நிதி அறிவித்தார்கள். ஆப்பிரிக்கக் கிராமங்களில் பம்புகளின் எண்ணிக்கை ஏறியது. படங்களும் அழகாக இருந்தன. ஒரு பம்பு 2,500 பேருக்குக் குடிநீர் தரும் என்ற இலக்கை எட்டக் குழந்தைகள் நாளொன்றுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்பது பின்னர் கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது. பல இடங்களில் பெண்கள் அந்த ராட்டினத்தைக் கையால் சுற்றித் தண்ணீர் எடுத்தார்கள். எத்தனை பம்பு நிறுவினீர்கள் என்று கேட்டிருந்தால் நல்ல பதில் வந்திருக்கும். மூன்றாம் ஆண்டில் எத்தனை ஓடுகின்றன, பழுதானால் யார் எத்தனை நாளில் சரிசெய்கிறார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

குழந்தைகள் இல்லங்களில் இன்னும் கவனம் வேண்டும். உலகெங்கும் இல்லங்களில் வளரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். பிரித்து வைத்தது வறுமை. தலைக்கு இவ்வளவு என்று பணம் வந்தால், குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் எண்ணம் நிர்வாகத்துக்கு எப்படி வரும்? சென்ற ஆண்டு எத்தனை குழந்தைகள் குடும்பத்தோடு சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். படங்களில் குழந்தையின் முகமும் பெயரும் ஊரும் வெளிப்படையாக இருந்தால், நாங்கள் அந்த இல்லத்தைப் பரிந்துரைக்க மாட்டோம்.

பேரிடர் நேரத்தில் இதற்கெல்லாம் அவகாசம் இருக்காது என்பீர்கள். அதனால்தான் அமைதியான நாளிலேயே இரண்டு நிறுவனங்களைத் தேர்ந்து வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். பழைய துணி அனுப்பாதீர்கள். பிரிக்கவும் ஏற்றவும் ஆள் வேண்டும், மருந்து வைக்க வேண்டிய கிடங்கை அது அடைத்துக்கொள்ளும். ‘இந்தப் பேரிடருக்கு மட்டும்’ என்று கட்டிப்போடாமல், தேவைக்கேற்பப் பயன்படுத்த அனுமதித்துக் கொடுங்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு சில நாட்களிலேயே, தங்கள் பணிக்குப் போதுமான பணம் வந்துவிட்டது என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அறிவித்தது. ஏற்கெனவே வந்ததை வேறு நெருக்கடிகளுக்குப் பயன்படுத்த நன்கொடையாளர்களிடம் ஒப்புதலும் கேட்டது. பணம் போதும் என்று சொல்லும் நிறுவனத்தை நாங்கள் கூடுதலாகவே நம்புவோம்.

கடைசியாக ஒரு நடைமுறை. மொத்தத்தையும் ஒரே தவணையில் அனுப்பாதீர்கள். முதலில் பத்தில் ஒரு பங்கு போதும். கூடவே மேலே உள்ளவற்றிலிருந்து ஒரு கேள்வியை மின்னஞ்சலில் கேளுங்கள். சரியான பெயரிலும் தொகையிலும் ரசீது வருகிறதா, இரண்டு வாரத்துக்குள் பதில் வருகிறதா, பதிலில் எண்கள் இருக்கின்றனவா, வெறும் நன்றியுரையா என்று பாருங்கள். சரியாக இருந்தால் மீதியை அனுப்பிவிட்டு, ரசீதையும் அந்தப் பதிலையும் பணம் கொடுத்த எல்லோருக்கும் அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
அறநிறுவனக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிலர்