ஒக்டோபர் 30: பலகை எழுதும் மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

வட்ஸ்அப்பில் நீ அனுப்பிய ‘வரலாற்றில் இன்று’ பட்டியலைப் பார்த்தேன். எழுத்துப்பிழை பார்த்துத் தரச் சொல்லியிருந்தாய். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை, ஒரு திகதிப்பிழைதான் இருக்கிறது. தஸ்தயெவ்ஸ்கியை எடுத்துவிடு. அவர் பிறந்த 1821 ஒக்டோபர் 30 என்பது ரஷ்யாவின் பழைய நாட்காட்டிக் கணக்கு. இன்றைய கணக்கில் அது நவம்பர் 11. அன்றைக்கு எழுதிக்கொள்ளலாம்.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் பகிரங்கமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உன்னைப் போலவே தோட்டப் பாடசாலைகளில் காலைக்கூட்டத்துக்கு முன் பலகை எழுதும் ஆசிரியைகள் பலர். எல்லாரும் ஒரே மாதிரிப் பக்கங்களிலிருந்துதான் எடுக்கிறீர்கள். அந்தப் பக்கங்களில் ஒக்டோபர் 30 இலங்கை மலையகத் தோட்டங்களில் வாழும் நம் ஆட்களுக்கு என்ன நாள் என்று இருக்காது.

பட்டியலை வாசித்தாலே அதை எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினார்கள் என்று தெரிந்துவிடுகிறது. மேல்பாதி அமெரிக்காவில் எழுதியது. 1735இல் ஜோன் அடம்ஸ் பிறந்தார், 1938இல் ஓர்சன் வெல்ஸ் வானொலி நாடகம் போட்டுச் செவ்வாய்க்கிரகத்துப் படை இறங்கிவிட்டதென்று கொஞ்சப் பேரைக் கலங்க வைத்தார். கீழ்ப்பாதி தமிழ்நாட்டில் எழுதியது. 1908இல் பசும்பொன்னில் பிறந்த முத்துராமலிங்கத் தேவர், 1963இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி மறைந்தார். அடுத்து 1909இல் பிறந்த விஞ்ஞானி ஹோமி பாபா. நடுவில் 1960இல் பிறந்த மரடோனா. சோவியத் யூனியன் 1961இல் வெடித்துப் பார்த்த 50 மெகாதொன் குண்டு. 1998இல் பிறந்த நடிகை அனன்யா பாண்டே. நடிகையை எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். எடுக்காதே. பிள்ளைகள் பலகைக்குக் கிட்ட வருவதே மரடோனாவையும் அவரையும் பார்க்கத்தான். வந்த பிறகு மற்றதையும் வாசிப்பார்கள்.

சேர்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது 1947. ஜெனீவாவில் 23 நாடுகள் கூடி, சுங்கவரி, வர்த்தகம் பற்றிய பொது உடன்படிக்கையில் கையெழுத்திட்டது ஒக்டோபர் 30ஆம் திகதி. அந்த 23இல் இலங்கையும் ஒன்று. சுதந்திரம் கிடைக்க இன்னும் மூன்று மாதம் இருந்தது, அதற்குள்ளேயே நமக்கு அந்த மேசையில் ஒரு கதிரை. ஏன் என்று தரம் 8 பிள்ளைகளிடம் கேள், பாதிப் பேர் சரியாகச் சொல்வார்கள். தேயிலைதான். இந்த நாட்டுக்கு அன்று வெளிநாட்டுக் காசு கொண்டுவந்ததில் பெரும்பங்கு அதற்குத்தான். அதே ஆண்டுத் தேர்தலில் நம் தோட்டத்து ஆட்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரை நாடாளுமன்றம் அனுப்பியது. அடுத்த ஆண்டே 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. கொழுந்து கப்பலேறி ஊர் ஊராகப் போனது, பறித்த ஆளுக்கு நாடு இல்லாமல் போனது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று.

இரண்டாவதுதான் முக்கியம். 1964 ஒக்டோபர் 30, வெள்ளிக்கிழமை, புதுடில்லி. இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் நம் ஆட்களைப் பற்றிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தீபாவளிக்குச் சில நாள்தான் இருந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் அப்போது முற்பணம் எவ்வளவு, துணி எப்போது எடுப்பது என்பதுதான் பேச்சாக இருந்திருக்கும். 9,75,000 பேர் நாடற்றவர்கள் என்று கணக்கு வைத்து, 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். இடையில் பிறக்கும் பிள்ளைகள் அந்தந்தப் பக்கத்தோடு சேர்வார்கள். காலக்கெடு 15 வருடம்.

நீ கணிதமும் படிப்பிப்பதால் ஒன்று சொல்கிறேன். இந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏழுக்கு நாலு என்பார்கள், அதாவது ஏழு பேர் கப்பலேறினால் நாலு பேருக்கு இங்கே பிரஜாவுரிமை. அது எங்கிருந்து வந்தது என்று பெரியவர்களுக்கே தெரியாது. 525ஐயும் 300ஐயும் 75ஆல் பிரித்துப் பார்க்கச் சொல். விகிதம் படிப்பிக்கும்போது மாம்பழமும் தோடம்பழமும் போட்டுக் கணக்குக் கொடுக்கிறோம். ஒரு நாளைக்கு இதைக் கொடு.

சாஸ்திரி ஏன் ஒத்துக்கொண்டார் என்று கேட்கிற பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கும். நேரு இருந்தவரை இவ்வளவு பெரிய தொகைக்கு அவர் இறங்கி வரவில்லை. தலைமுறையாக இலங்கையில் இருக்கிறவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பதுதான் அவருடைய நிலை. 1964 மே மாதம் நேரு மறைந்தார், ஜூனில் சாஸ்திரி வந்தார். 1962இல் சீனாவிடம் தோற்ற காயம் ஆறவில்லை. ஒக்டோபர் 16ஆம் திகதி சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்தது. உன் பட்டியலில் இருக்கிற ஹோமி பாபா, ஒப்பந்தத்துக்கு ஆறு நாளைக்கு முன்புதான் அகில இந்திய வானொலியில் அணுகுண்டு பற்றிப் பேசினார். டில்லிக்கு அந்த மாதம் அக்கம்பக்கத்தில் நல்லுறவு அவசரமாகத் தேவைப்பட்டது. அதற்கு விலையாகப் போனது நாம் என்பதுதான் என் எண்ணம். ஆய்வாளர்கள் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் பலகையில் இதை எழுதாதே, வகுப்பில் வாயால் சொல்.

மலையிலிருந்த யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு விண்ணப்பம் போடச் சொன்னபோது என்ன நடந்தது தெரியுமா? இந்தியாவுக்கு ஒதுக்கிய தொகையைவிடக் குறைவான ஆட்களே இந்தியாவுக்கு எழுதினார்கள். இலங்கைக்கு எழுதியவர்கள் ஒதுக்கியதைவிட எவ்வளவோ அதிகம். கணக்குப் போட்டவர்களுக்கு நம் சனம் கொடுத்த பதில் அது.

நம் வீட்டிலேயே அது நடந்தது. உன் தாத்தா இலங்கைக்கு எழுதினார், அவருடைய அண்ணன் இந்தியாவுக்கு எழுதினார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பரா. அண்ணன்காரருக்குத்தான் முதலில் பாஸ்போட் வந்தது. அட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் கூடலூர். அவருக்குக் கிடைத்தது அங்கேயும் தேயிலைதான். போனவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தொடங்கிய தோட்டங்கள், டான்டீ என்பார்கள். உன் அம்மா வீட்டு அலமாரியில், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிற நீலக் கடிதத்தாள்கள் அவர் போட்டவை. கேட்டு வாங்கி வாசி, ஆனால் பாடசாலைக்குக் கொண்டுபோகாதே. அதிலே குடும்பச் சண்டையும் நிறைய இருக்கிறது.

மூன்றாவது ஏற்கெனவே உன்னிடம் இருக்கிறது, ஆனால் ஒரு வரி குறைகிறது. 1974 ஒக்டோபர் 30, கின்ஷாசாவில் குத்துச்சண்டைப் போட்டியில் முகம்மது அலி எட்டாவது சுற்றில் ஜோர்ஜ் போர்மனை விழுத்தினார். அமெரிக்கத் தொலைக்காட்சிக்குத் தோதாக அங்கே விடிகாலை நாலு மணியளவில் போட்டியைத் தொடங்கினார்கள். நம் நேரம் காலை எட்டரை. அந்நேரம் மலையில் பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள், அரை வயிறோடு. 1973, 74 பஞ்சத்தைப் பற்றி உன் பாட்டி சொல்லியிருப்பாள். கப்பலுக்குக் காத்திருக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பல குடும்பங்களைத் தள்ளிவிட்டது அந்தப் பசிதான். அதற்குப் பிறகு தமிழருக்கு எதிரான 1977 கலவரம்.

அடுத்தது 1990. இதைப் போட அதிபர் தயங்கலாம். நீ தயங்காதே. அந்த ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நகையும் பணமும் கூடக் கொண்டுபோக விடவில்லை. அந்த மாதம் வடக்கு முழுவதிலிருந்தும் துரத்தப்பட்டவர்கள் 70,000க்கும் மேல். பலர் புத்தளத்தில் கொட்டிலும் கிடுகுமாக ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். ஒப்பந்தத்தில் ஆட்களைப் பங்குபோட்டார்கள் என்று பலகையில் ஒரு வரி எழுதிவிட்டு, தமிழ் பேசுகிறவர்களே தமிழ் பேசுகிறவர்களைத் துரத்திய வரியை அதே நாளில் விட்டுவிட்டால், உன் வகுப்பில் இருக்கிற முஸ்லிம் பிள்ளை நம் இரண்டு வரியையும் நம்பாது. நம்பக் கூடாதும்தான்.

1999 உனக்குச் சொல்லத் தேவையில்லை. மலையகத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் மறைந்த நாள். அவருக்கு மாலை போட ஆள் இருக்கிறது, படமும் கிடைக்கும். ஆனால் பலகையில் அவரை ஒப்பந்தத்துக்கு நேர் கீழே எழுது. 1947இல் தெரிவான அந்த ஏழு பேரில் ஒருவர் அவர். ஒப்பந்தம் கையெழுத்தாகி 35 வருடம் சரியாக முடிந்த அன்று கண்மூடினார். அவருடைய அரசியலைப் பற்றி எனக்கும் உன் பெரியப்பாவுக்கும் வீட்டில் நடந்த வாக்குவாதங்கள் வேறு கதை.

2014ஐ எப்படி எழுதுவது என்று எனக்கே யோசனைதான். கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்தது 29ஆம் திகதி காலை. அதனால் உன் பலகைக்கு அது ஒருநாள் முன்பு. ஆனால் 30ஆம் திகதி ஒப்பந்தத்துக்கு ஐம்பது வருடம் நிறைந்தது. அன்று அங்கே மண்ணைத் தோண்டி லயத்து ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளுக்கும் பொதுவாக ஒரு வரி போடலாம் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள், “டீச்சர், நம்ம லயத்துக்கு மேலயும் மண் வெடிச்சிருக்கே” என்று. பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு எழுது. வெடிப்புத் தெரிந்தால், சேற்றுத்தண்ணி திடீரென்று ஊறினால், யாருக்குச் சொல்வது, எங்கே ஓடுவது என்று.

இவ்வளவும் பழங்கதை என்று யாராவது சொன்னால் 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தைக் காட்டு. இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை கொடுத்த சட்டம் அது. யாருக்கு? 1964 ஒக்டோபர் 30 முதல் இந்த நாட்டில் நிரந்தரமாக வசித்தவர்களுக்கும், இங்கே வசிக்கிற அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கும். திகதி சட்டத்திலேயே அப்படியே இருக்கிறது. உன் பிள்ளைகளில் சிலருடைய பாட்டிமார் தேசிய அடையாள அட்டை எடுத்ததே இந்தச் சட்டத்தின் கீழ்தான். பிறந்தநாள் தெரியாத கிழவிகளுக்குக்கூட இந்தத் திகதி பொருந்தும்.

பிறந்தநாள் என்றதும் ஞாபகம் வருகிறது. கிரிக்கெட் பையன்களுக்கு உன் பட்டியலில் ஒன்றுமே இல்லையே! கோர்ட்னி வோல்ஷ், 1962 ஒக்டோபர் 30, கிங்ஸ்டன். டெஸ்டில் 500 விக்கெட் தொட்ட முதல் ஆள், மொத்தம் 519. அந்த 519ஐ 2004இல் ஹராரேயில் தாண்டியது யார் என்று கேள், கூட்டமே கத்தும். முரளியின் தாத்தா 1920இல் தோட்ட வேலைக்கு வந்தவர். பின்னாளில் திருச்சிக்குத் திரும்பிவிட்டார், முரளியின் அப்பா இங்கேயே இருந்துகொண்டார். அந்தக் குடும்பம் மொத்தமாகத் திரும்பியிருந்தால் 800 விக்கெட் எந்த நாட்டுக் கணக்கில் விழுந்திருக்கும் என்று பையன்கள் சண்டை பிடிக்கட்டும். இன்னொன்று, முரளி பிறந்தது ஏப்ரல் 17, சிறிமாவோ பிறந்ததும் ஏப்ரல் 17. ஏப்ரல் பலகைக்கு இப்போதே குறித்து வை.

இடம் போதாது என்பாய். உன் பலகையின் அளவு எனக்குத் தெரியும். ஜோன் அடம்ஸைத் தூக்கிவிடு, செவ்வாய்க்கிரகத்தாரையும் தூக்கிவிடு. ஒப்பந்தத்துக்கு மூன்று வரி ஒதுக்கு. “1964: இலங்கையும் இந்தியாவும் நம் மூதாதையரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து ஒப்பந்தம் செய்தன. அவர்களிடம் கேட்கவில்லை.” இவ்வளவு போதும். சோகம் ததும்ப எழுதாதே. வெள்ளைச் சோக்கினால் எழுது, மரடோனாவுக்கு நீல வர்ணம் வைத்துக்கொள்.

31ஆம் திகதிப் பட்டியலையும் இன்றைக்கே அனுப்பு. வல்லபாய் பட்டேலின் பிறப்பும் இந்திரா காந்தி சுடப்பட்டதும் அதில் இருக்கும். இந்திரா பேருக்குப் பக்கத்தில், அந்த மிச்சம் 1,50,000 பேரை 1974இல் சிறிமாவோவும் அவரும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்ததை மறக்காமல் சேர்த்துக்கொள்.

அன்புடன்,
பெரியம்மா