குவாட் பைக் சேஸிஸில் வெல்டிங்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பாலைவனத்தில் ஓடும் நான்கு சக்கர குவாட் பைக்குகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, என்ஜினையும் சைலன்சரையும் மாற்றுவதை விரிவாக விளக்கிவிட்டு, வண்டியின் சட்டமான சேஸிஸை ஒரே வரியில் கடந்துவிட்டது. ஷார்ஜாவில் வெல்டராக வேலை பார்ப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

யமஹா பான்ஷீ போன்ற பழைய இரும்பு சேஸிஸ் வண்டிகளில் விரிசலை முதலில் தேட வேண்டிய இடம், ஷாக் அப்சார்பர் மாட்டும் காதுகளின் (சேஸிஸ் குழாயில் வெல்டிங் செய்த பிடிப்புகளின்) அடிப்பகுதி. அங்கே கெட்டித் தகட்டை வைத்துச் சுற்றிலும் வெல்டிங் அடித்தால் பலம் கூடிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில், குழாயின் குறுக்கே ஓடும் வெல்டிங், தகடு முடியும் இடத்தில் விசையைக் குவித்து, அடுத்த விரிசலைச் சற்றுத் தள்ளி வரவைக்கிறது, அவ்வளவுதான். தகட்டின் முனைகளைக் கூராக நீட்டி வெட்டி, பெயிண்டை முழுவதும் உரசி எடுத்து, குழாயின் நீளவாக்கிலேயே வெல்டிங் வைக்க வேண்டும். சேஸிஸை அசையாமல் பிடிக்கும் ஜிக்கில் இறுக்கி, இரு புறமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக வைத்தால்தான் அது கோணாமல் இருக்கும். அவசரக்கார வாடிக்கையாளர்களுக்கு இந்தப் பொறுமை பிடிப்பதில்லை.

2009இல் வந்த யமஹாவின் ஒய்.எஃப்.இசட் 450ஆர் வண்டியின் கதையே வேறு. அதன் சேஸிஸ் அலுமினியம். பதப்படுத்திய அலுமினியம் வெல்டிங் சூடு பட்ட இடத்தில் மென்மையாகிவிடும் என்பதால், அதில் போல்ட் போட்டு மாட்டும் பாகங்களையே நான் பரிந்துரைப்பேன்.

பின் சக்கரங்களைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை நீட்டுவோர், செயினையும் பின் பிரேக் ஹோஸையும் சேர்த்தே நீட்ட வேண்டியிருக்கும் என்பதையும் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஷார்ஜா