‘ஆள் நிற்பதில்லை’ என்னும் புலம்பல்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிடைக்கிற ஆள் நிற்பதில்லை என்ற புலம்பலை ஓசூர்த் தொழிற்பேட்டையில் அடிக்கடி கேட்கலாம். அங்குள்ள உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். விலகுகிறவர்கள் எல்லோரும் கூடுதல் சம்பளத்துக்காகப் போவதில்லை என்பதை அறிவேன்.

பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர், காலை ஷிஃப்ட்டுக்கு விடியுமுன்பே எழ வேண்டும். அந்த உறக்கம் பழகுவதற்குள் அடுத்த வாரம் இரவு ஷிஃப்ட் வந்துவிடும். மாற்றாள் வராவிட்டால் அப்படியே இன்னொரு ஷிஃப்ட்டும் நிற்க வேண்டும். நிற்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன். ஓவர்டைம் கூலி கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது என்றே அப்போது நினைத்தேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல், இத்தகைய பணிச்சோர்வைத் தனி நோயாகக் கொள்ளாமல், சரிவரக் கையாளப்படாத நீடித்த பணி அழுத்தத்தின் விளைவு என்று விளக்கியது. தீராத களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகுதல், செயல்திறன் குறைதல் என அது கூறும் மூன்றில், எங்களைப் போன்றோர் கவனிக்கத் தவறுவது இரண்டாவதைத்தான். எந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே டூல் தேய்ந்துவிட்டது என்று ஓடிவந்து சொல்லும் ஆபரேட்டர் ஒருவர் எங்களிடம் இருந்தார். சில மாதங்கள் தொடர்ந்து இரட்டை ஷிஃப்ட் பார்த்த பிறகு, அவர் சொல்வதை நிறுத்திக்கொண்டார். நேரத்துக்கு வந்தார், எண்ணிக்கையும் குறையவில்லை. ஆனால் பழுதான பாகங்களைக் கழித்துப் போடும் ரிஜெக்ட் பெட்டி மட்டும் நிரம்பிக்கொண்டிருந்தது. அவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தது பிறகுதான் என்றாலும், மனத்தளவில் எப்போதோ போய்விட்டிருந்தார். படிவத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதியிருந்தது, வாங்கி வைத்துக்கொண்டேன். அவருடைய இடத்துக்கு வந்த இளைஞருக்கு அந்தச் சத்தம் பிடிபடவே இல்லை.

தமிழகத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட சட்டத்திருத்தம், 2023 ஏப்ரலில் நிறைவேறி, எதிர்ப்பினால் திரும்பப் பெறப்பட்டது. நல்லதுதான், ஆனால் பஸ் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் எங்கள் பக்கத்துத் தொழிலாளர் பலருக்கு அந்த 12 மணி நேரம் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது.

ஆகவே, ஷிஃப்ட் பட்டியலை ஒரு மாதம் முன்னதாகவே ஒட்டவும், மாற்றாளுக்கென்று தனியாகச் சிலரை வைத்துக்கொள்ளவும், விலகுகிறவரிடம் அவருடைய மேற்பார்வையாளர் அல்லாத ஒருவர் காரணம் கேட்கவும் நிர்வாகங்கள் முன்வர வேண்டும். இரட்டை ஷிஃப்ட் நிற்கச் சொன்ன என்னிடமே படிவத்தை நீட்டுகிறவர், அதில் உண்மையை எப்படி எழுதுவார்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.