‘போலீஸ் கேஸ் இருக்கா?’ என்று மட்டும் கேட்டால் எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓட்ட ஆள் இல்லாமல் வண்டிகள் ஷெட்டில் நிற்கின்றன என்று லாரி உரிமையாளர்கள் புலம்புவதை உங்கள் பத்திரிகையில் படித்தேன். புலம்பல் நியாயம்தான். ஆனால் அதே உரிமையாளர்களின் வாசலில் ஹெவி லைசென்ஸோடு போய் நின்று, “கேஸ் ஏதாவது இருக்கா?” என்ற ஒரே கேள்வியில் திரும்பி வந்தவர்களில் நானும் ஒருவன், அதனால்தான் எழுதுகிறேன். 22 வயதில் ஓர் அடிதடி வழக்கில் தண்டனையாகி உள்ளே இருந்துவிட்டு வந்தவன் நான். செய்தது தப்பு, அதை இங்கே நியாயப்படுத்த வரவில்லை. வெளியே வந்து கிளீனராக ஏறி, லைசென்ஸ் எடுத்து, இப்போது 14 வருடமாக லாரி ஓட்டுகிறேன்.

உள்ளே போய் வந்தவனுக்கு லைசென்ஸே தரமாட்டார்கள் என்று என்னோடு இருந்தவர்களில் பாதிப் பேர் நம்பினார்கள். நானும் அதை நம்பி 2 வருடத்தைத் தொலைத்தேன். சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 19ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள்: குற்றம் செய்வதையே வழக்கமாக வைத்திருப்பவர், ஓயாத குடிகாரர், போதைப்பொருளுக்கு அடிமையானவர், வாரன்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றத்துக்கு வண்டியைப் பயன்படுத்தியவர், ஆபத்தாக ஓட்டுகிறவர் போன்றோரின் லைசென்ஸைத்தான் பறிக்கலாம் என்கிறது, அதுவும் அவர் தரப்பைக் கேட்ட பிறகு. உத்தரவு வந்தாலும் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். என்றோ ஒருநாள் தெருவில் கைகலப்பில் இறங்கியவன் இதில் எங்கே வருகிறான்?

அமெரிக்காவில் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பெரிய குற்றம் ஒன்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் முதல் தடவை 1 வருடம் கனரக வாகனம் ஓட்டக் கூடாது, அந்த நேரத்தில் லாரியில் அபாயகரமான சரக்கு இருந்திருந்தால் 3 வருடம், இரண்டாவது தடவை என்றால் ஆயுளுக்கும் தடை. போதைப்பொருள் கடத்தி விற்கவோ ஆள் கடத்தவோ லாரியைப் பயன்படுத்தியவனுக்கு அத்தோடு சரி, திரும்பி வரவே வழியில்லை. அபாயகரமான சரக்கு ஏற்ற தனி அனுமதி வேண்டுமே, அதற்கு இன்னொரு கணக்கு: பல கடுங்குற்றங்களுக்குத் தண்டனையாகி 7 வருடமும், விடுதலையாகி 5 வருடமும் கடந்திருக்க வேண்டும். கொலை, தேசத்துரோகம், உளவு என்றால் எத்தனை வருடம் போனாலும் கிடையாது. கடுமைதான், நான் மறுக்கவில்லை. ஆனாலும் அது என்ன குற்றம், வண்டிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், எத்தனை காலம் ஆச்சு என்று பார்க்கிறது. நம் உரிமையாளர்கள் கேட்க மறந்த கேள்விகளே அவைதான்.

உரிமையாளரின் பயமும் எனக்குப் புரியாமல் இல்லை. வண்டியின் விலையைப் போலப் பல மடங்கு மதிப்புள்ள சரக்கை ஒருவனிடம் ஒப்படைத்து ராத்திரியில் தனியாக அனுப்புகிறார். திருட்டு வழக்கில் போனவன் என்றால் நானே ஒரு நிமிடம் யோசிப்பேன். ஆனால் ஒன்று கவனியுங்கள், குடித்துவிட்டு ஓட்டி மூன்று தடவை அபராதம் கட்டியவன் சிறைக்குப் போகாத ஒரே காரணத்தால் ‘கேஸ் இல்லாத ஆள்’ ஆகிவிடுகிறான், சாவியும் கைக்கு வந்துவிடுகிறது. ரோட்டில் எதிரே வருகிறவனுக்கு யார் ஆபத்து? நானா, அவனா?

இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பிகளுக்கும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். மறைக்காதீர்கள். முதல் கம்பெனியில் நான் மறைத்தேன். 5 மாதம் நன்றாகத்தான் ஓடியது, அப்புறம் போலீஸ் சரிபார்ப்பில் எல்லாம் வெளியே வந்தது. “கேஸுக்காக இல்லப்பா, சொல்லாம விட்ட பாரு, அதுக்குத்தான்” என்று கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள், இன்று வரை அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. அரசு வேலைக்கு வருகிறவர் பழைய வழக்கை மறைத்தால் என்ன செய்வது என்பது பற்றி 2016இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் கிட்டத்தட்ட இந்த வழியில்தான் போகிறது. உண்மையைச் சொன்னாலும் பின்னணியைப் பார்க்கும் உரிமை வேலை கொடுப்பவருக்கு உண்டு, ஆனால் இள வயதில் செய்த அற்பக் குற்றத்தை ஒருவர் மறைத்திருந்தால் அதைப் பெரிதாக எடுக்காமல் விடலாம் என்றது.

அதற்காகக் கேட்காததையெல்லாம் கொட்ட வேண்டியதில்லை. வழக்குப் பதிவானது வேறு, தண்டனையானது வேறு. விடுதலையாகிவிட்ட வழக்கைக்கூடத் ‘தண்டனை’ என்ற கட்டத்தில் எழுதிக் கொடுத்து வேலையை இழந்தவரை எனக்குத் தெரியும். தீர்ப்பு நகலைக் கையோடு வைத்திருங்கள். 18 வயதுக்கு முன்னால் நடந்தது என்றால் 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆவது பிரிவைப் பாருங்கள். 16 வயதுக்கு மேல் கொடுங்குற்றம் செய்து பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அந்தத் தீர்ப்பால் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்று அதில் இருக்கிறது.

யாரும் சொல்லித் தராத விஷயம் ஒன்று உண்டு. ஜாமீனில் இருந்துகொண்டு வாராவாரம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறவர் தொலைதூர லோடுக்குச் சம்மதிக்கவே கூடாது. எங்கோ ஓரிடத்தில் லோடு இறக்க வரிசையில் 2 நாள் நிற்க வேண்டி வந்தால் கையெழுத்து தவறும், ஜாமீன் ரத்தாகும், பழைய வழக்கில் புதிய தலைவலி ஆரம்பிக்கும். நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள். அதுவரை பக்கத்து ஊர் டிரிப் போதும். துறைமுகம், எரிபொருள், வெடிபொருள் பக்கம் எடுத்த எடுப்பில் போகாதீர்கள், சோதனை அங்கேதான் அதிகம். ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் ஓனரிடம் போனால் அவர் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவார். பெரிய கம்பெனியில் படிவம்தான் பேசும்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. 2 வண்டி வைத்திருந்த ஒருவர் என்ன கேஸ் என்றார், சொன்னேன். குடிப்பியா என்றார். இல்லை என்றேன். அடிபட்டவன் இப்போ எப்படி இருக்கான் என்று கேட்டார், அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நல்லா இருக்கான், பார்த்தா பேசிக்குவோம் என்றேன். 3 மாதம் போய்த் திரும்பும் குட்டி டிரிப்பாகவே கொடுத்தார், நானும் கேட்காமல் ஓட்டினேன். நான்காவது மாதம் ஒரு ராத்திரி போன் செய்து, “நாலு நாள் லோடு ஒண்ணு இருக்கு, போறியா?” என்றார்.

இப்படிக்கு,
லாரி ஓட்டுநர் ஒருவர்